இடம் மாறும் முட்டிவலி

“அப்பா, மூச்சு விட்டுடாதீங்க! அம்மாவுக்குத் தெரிஞ்சா என் ஆட்டம் அதோட போச்சு.”

குளியலறையில் முட்டிமேல் ஐஸ் பையை அழுத்தியபடி மகள் கெஞ்சினாள். பயிற்சியில் எகிறிப் பந்தைத் தலையால் அடித்துவிட்டு இறங்கும்போது முட்டி உள்பக்கம் மடங்கி, ‘டப்’பென்று சத்தம் கேட்டதாம். பேருந்து ஓட்டுநரான அப்பா, உருகிய ஐஸை மாற்றிவரப் பையை வாங்கிக்கொண்டார். அணித் தேர்வுக்கு இன்னும் பதினைந்தே நாள். இனி ஒரு அடி பட்டாலும் கால்பந்துக்கு முழுக்கு என்று மனைவி போன வருடமே கறாராகச் சொல்லியிருந்தாள்.

ஐஸ் பையோடு வெளியே வந்தால், எதிரே மனைவி!

“யாருக்கு ஐஸ்?”

“எனக்குத்தான். முட்டி பிசகிடுச்சு.”

சொன்ன பாவத்துக்கு அன்றிலிருந்து அவர்தான் நொண்ட வேண்டியதாயிற்று. தன் இரண்டு முட்டியும் போனாலும் பரவாயில்லை, பிள்ளை ஆடினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

“நேத்து வலது கால்லதானே நொண்டினீங்க, இன்னைக்கு இடது கால்ல?” என்றாள் மனைவி.

“வலி இடம் மாறுதும்மா.”

வலி இடம் மாறுகிற மனிதரை நம்பிப் பேருந்தைக் கொடுப்பார்களா? மனைவி பணிமனைக்கே போன் போட்டுவிட்டாள். மேலாளர் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். “டாக்டர் சர்டிபிகேட் இல்லாம வண்டிப் பக்கம் வராதீங்க!”

அடுத்த வாரம் எலும்பு டாக்டரின் அறையில் கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் கை வைக்குமுன்பே ஓட்டுநர் “ஐயோ!” என்று அலறினார்.

“தசைநார் அறுந்த மாதிரி கத்துறீங்களே! ஓடிக் குதிச்சு விளையாடுற பொண்ணுங்களுக்குத்தான் அது ஜாஸ்தி. உங்களுக்கு எப்படி?”

“பஸ்ல இருந்து... குதிச்சு இறங்கினேன்.”

“டிரைவர் எதுக்கு சார் குதிக்கணும்?”

டாக்டர் திரும்பி ஓட்டுநரின் மனைவியைப் பார்த்தார். அவள் மெல்லத் தலையாட்டினாள். உடனே நர்ஸ் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிவந்து அவர் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினாள்.

ஓட்டுநருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஐயோ, வேண்டாம்மா! அவ்வளவு மோசமில்ல!” என்று துள்ளி எழுந்து, இரண்டு காலாலும் குதித்தே காட்டினார்.

“இது உங்க முட்டிக்கு இல்ல சார்,” என்றாள் நர்ஸ். “உங்க பொண்ணுக்குத் தசைநார் அறுந்துடுச்சு, ஒன்பது மாசம் பந்தைத் தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னதும் நீங்க மயங்கி விழுந்துடுவீங்கன்னு, அவளைக் கூட்டிவந்து ஸ்கேன் எடுத்த அன்னைக்கே உங்க வீட்டம்மா சொல்லி வச்சுட்டாங்க!”