சும்மாரு பாயும் எங்கள் வீட்டு மாப்பிள்ளையும்

“…அதான் சொல்றேன், அது உள்ளாற பேசிக்கினு கீது சார். நடுவுல பூந்து நீ பேசாத. சும்மாரு!”

சொன்னவர் பிரியாணி தேக்சாவிலிருந்து ஒரு சாண் தள்ளிக் குந்திக்கொண்டு, காதை மட்டும் அதன் பக்கம் நீட்டியிருந்தார். ஸ்டெதஸ்கோப்பை மறந்துவிட்டு வந்த டாக்டர் மாதிரி.

தாம்பரத்திலிருந்து பல்லாவரம் வரைக்கும் அவரிடம் ‘சும்மாரு’ வாங்காத ஜீவன் கிடையாது. கல்யாண வீட்டுக்காரர்கள் வாங்கியிருக்கிறார்கள், கறிக்கடைக்காரர் வாங்கியிருக்கிறார். தலைக்கு மேல் தாழப் பறந்த விமானத்தையே அண்ணாந்து பார்த்து அதட்டியவர். நிஜப் பெயர் ஏதோ இருந்திருக்கும். பிரியாணி போடுகிற அவர் எங்களுக்கெல்லாம் சும்மாரு பாய்.

அன்றைக்கு என் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. இரண்டாயிரத்து நாலோ, அஞ்சோ. தாய்மாமன் நான். விருந்து என் பொறுப்பு. இரும்புலியூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் அடுப்பு.

விருந்து என்றால் சும்மா விருந்தில்லை. தங்கச்சி கல்யாணத்தில் கடைசிப் பந்தியில் உட்கார்ந்த மாப்பிள்ளை வீட்டு ஆட்களுக்குக் குழம்பு தீர்ந்துபோய் மோர்ச்சோறு போட்டுவிட்டோம். அன்றைக்கு முகத்தைத் தூக்கியவர்தான் மாப்பிள்ளை. ஆறு வருஷமாக வருவார், போவார். எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டார். குடிக்கிற தண்ணீரே பாட்டிலில் கூட வரும். அவர் சாப்பிடாததால் தங்கச்சியும் சாப்பிட மாட்டாள்.

“அண்ணே, இந்த ஒரு வாட்டி அவர் கை நனைச்சுட்டா போதும்ணே” என்றாள் போனில். நான் போய்ப் பிடித்தது இந்த மனுஷனை.

விடிந்ததும் வந்தார். எச்சில் தொட்ட விரலைத் தூக்கிக் காற்றைப் பார்த்தார். “பந்தல நவுத்து.”

“பாய், அடுப்பை நகர்த்துனா போதாதா?”

“அடுப்பு கீற எடத்துலதான் கீது. பந்தல்தான் தப்பா கீது.”

நகர்த்தினோம். அடுத்து விறகு. ஒவ்வொரு கட்டையாக முகர்ந்து பார்த்துப் பாதியை வீசினார். “பச்சை. அழுவும்.” மறுபடி சவுக்குக்கட்டைக்கு ஓடினேன். கேஸ் அடுப்பு இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னேன். “அதுல வெந்நி போட்டுக் குளி சார்” என்றார்.

பந்தி பன்னிரண்டரைக்கு. பன்னிரண்டே காலுக்குத்தான் தம் போட்டார். மூடியின் மேல் தணலை வாரிக் கொட்டிவிட்டுக் காதை நீட்டி உட்கார்ந்தார். பன்னிரண்டரை ஆனது. முக்கால் ஆனது. காது குத்திக்கொண்ட குழந்தையே அழுது முடித்துத் தூங்கிவிட்டது. பாயிடம் நாலு தரம் போய் நாலு ‘சும்மாரு’ வாங்கி வந்தேன். ஐந்தாவது தரம் போனபோது வாங்கியதுதான் மேலே சொன்னது.

அந்த நேரம் பார்த்துப் பட்டு வேட்டி சரசரக்க மாப்பிள்ளை வந்தார். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். வீட்டிலும் விசில் மட்டும்தான் பாக்கி.

“என்ன மச்சான், இன்னைக்கும் மோர்ச்சோறுதானா?”

நான் வாயைத் திறப்பதற்குள் பாய் திறந்துவிட்டார். “யோவ் பட்டு வேட்டி! காத்த மறைச்சிக்கினு நிக்கிறியே! இந்தாண்ட வந்து அந்தக் கட்டைய இழு!”

ஆறு வருஷம் இனி அறுபது வருஷம்தான்.

“யாரைப் பார்த்துய்யா…” என்று ஆரம்பித்தார் மாப்பிள்ளை.

“சும்மாரு! கேக்கணும்.”

பள்ளிக்கூடத்தையே அட்டென்ஷனில் நிறுத்துகிறவரை யாரும் அப்படி அதட்டியதில்லை போல. வேட்டியை மடித்துக் கட்டினார். கட்டையை இழுத்தார். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பாய்க்குப் பக்கத்திலேயே குந்தினார். கொஞ்ச நேரத்தில் தேக்சாவின் இரண்டு பக்கமும் இரண்டு காதுகள்.

“சத்தம் கம்மியாகுது பாய்.”

“பர்வால்லியே! கரீக்டா புட்ச்சிட்டியே! இன்னும் ரெண்டு நிமிசம்.”

நான் மெதுவாகக் கிட்டே போய், “மாப்பிள்ளை, நீங்க எதுக்கு…” என்றேன்.

மாப்பிள்ளை திரும்பாமலே சொன்னார்: “சும்மா இருங்க மச்சான்!”

மூடியைத் தூக்கினார் பாய். வாசனை ரயில்வே கேட் வரைக்கும் போயிருக்கும். முதல் தட்டை அள்ளி மாப்பிள்ளை கையில் திணித்தார். “அடுப்பாண்ட நின்னவன்தான் மொதல்ல துன்னணும். துன்னு.”

மாப்பிள்ளை தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. நின்றவாக்கிலேயே ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். பந்தலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தங்கச்சி, கையிலிருந்த இலைக்கட்டை அப்படியே போட்டுவிட்டு முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். அன்றைக்கு மூன்று தரம் சோறு கேட்டாள்.

எல்லாரும் கிளம்பிய பிறகு, தணலைக் கிளறிக்கொண்டிருந்த பாயிடம் போனேன். “பாய், அவர் யார்னு தெரிஞ்சுதான் கட்டை இழுக்க விட்டீங்களா?”

“இன்னா சார் நீ. பட்டு வேட்டி கட்டிக்கினு, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு வர்றவன் மாப்ளையா இல்லாங்காட்டி கரண்ட் பில் எடுக்கிறவனா?”

“பாய், நீங்க பண்ணது சாதாரண…” என்று ஆரம்பித்தேன்.

“சும்மாரு. நீ துன்னியா?”

அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாய் காலி தேக்சாவுக்குள் பாதி உடம்பை விட்டு, அடியில் ஒட்டியிருந்ததையெல்லாம் சுரண்டினார். எனக்கென்று ஓரமாக எடுத்து வைத்திருந்த ஒரு துண்டுக் கறியை அதன் மேல் வைத்து, தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, நான் சாப்பிட்டு முடிக்கிற வரை காற்று வருகிற பக்கம் புகை என் மேல் அடிக்காமல் மறைத்து நின்றுகொண்டார்.