முன்னறைக்கு வந்த பிரெஞ்சுக்காரி

வானம் இடிந்து விழுந்தாலும் சகலனுக்கு முன்னறையைக் கொடுப்பதில்லை என்று கிறகோரி முடிவெடுத்தான். புதுக்குடியிருப்பில் அவன் மீன் விற்றுக் கட்டிய வீடு. அந்த வீட்டுக்கு அவன்தான் ராசா. மனைவி யூலிற்றாவுக்கு இதில் சந்தேகம் ஏதும் இருந்தால் அவள் வெளியே சொன்னதில்லை.

சகலன் மனுவேற்பிள்ளை யூலிற்றாவின் அக்கா றஞ்சனியின் கணவர். கிளிநொச்சியில் ஆங்கில வாத்தியார். தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் குடும்பத்தோடு வந்து மாதக்கணக்கில் இங்கே இருந்தவர். அவர் முன்னறைக் கதிரையில் சாய்ந்திருப்பார். கரண்டும் பற்றரியும் இல்லாத காலம்; கிறகோரி சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோவைப் பாட வைப்பான். செய்தி தொடங்கும். செய்திக்கு மேலால் சகலனின் விளக்கமும் தொடங்கும். கை கழலச் சுற்றியும் கிறகோரி ஒரு செய்தியைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் சகலனைத்தான்.

இப்போது கிளிநொச்சியே இடம்பெயர்ந்துவிட்டது. சகலன் குடும்பம் தருமபுரத்தில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் கிடந்தது. மாரி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அக்காவை நினைத்து யூலிற்றாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"இஞ்சேருங்கோ, அக்காவையளை இங்க கூப்பிடுவமே?"

"எங்க விடுறது? ஷெல் விழுந்தா ஒளிக்க ஒரு பங்கர் இருக்கோ? கக்கூஸ் சரிஞ்சு கிடக்கு. பக்கத்துச் சாய்ப்புப் பத்தி ஒழுகுது."

"அதுதான் பிரச்சினையோ?"

"பின்ன? வசதியில்லாத இடத்தில படிச்ச மனுசனைக் கொண்டந்து வைச்சு நான் பாவம் தேடேலாது."

யூலிற்றா சுளகை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். தான் வென்றுவிட்டதாகக் கிறகோரி நினைத்தான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிய பாதர் ஓர் அறிவித்தல் வாசித்தார். ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கும் பிரெஞ்சு டாக்குத்தர் அம்மாவுக்கு நல்ல குடும்பம் ஒன்றில் தங்க அறை வேண்டுமாம். கிறகோரியின் மூளைக்குள் பெற்றோல்மக்ஸ் பற்றியது. முன்னறையில் வெள்ளைக்காரி இருந்தால் சகலன் எப்படி உள்ளே வருவார்? வழியிலேயே மனைவிக்குச் சொன்னான்.

"முன்னறையை அந்த டாக்குத்தருக்குக் குடுக்கப்போறன்."

"ஐயோ, வெள்ளைக்காரிக்கோ? அவா எங்கட சாப்பாடு தின்னுவாவோ?"

"உனக்கொண்டும் தெரியாது. பிரான்சுக்காரர் எங்கட வேதம். வெள்ளிக்கிழமையில மீன்தான் தின்னுவினம்."

"நீங்கள் சொன்னாச் சரிதான்."

கலியாணம் கட்டின நாள் முதல் அவள் இவ்வளவு விரைவில் சரி என்றது இதுதான் முதல் தடவை. அப்போதே அவன் பயந்திருக்க வேண்டும். அவனோ மீசையைத் தடவிக்கொண்டான்.

பாதர் ஒரு நிபந்தனை சொன்னார். டாக்குத்தர் இருக்கிற வீட்டு வளவில் பங்கரும் நல்ல கக்கூஸும் கட்டாயம் இருக்க வேண்டும், அது டாக்குத்தரை அனுப்பினவர்களின் சட்டம். இதென்ன பெரிய வேலை என்று கிறகோரி மீன்பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தான். யூலிற்றா தேத்தண்ணியோடு பக்கத்தில் நின்றாள்.

"இன்னும் அகட்டி வெட்டுங்கோ."

"ஒரு ஆளுக்கு இவ்வளவு காணும்தானே?"

"அவையள் கை காலை நீட்டித்தான் இருப்பினமாம்."

அகட்டினான்.

"படியைக் குட்டையா வையுங்கோ."

"பனை உயரப் பொம்பிளைக்கு ஏன் குட்டைப் படி?"

"இருட்டில ஓடிவாறவா தடக்கி விழுந்தா? பிரான்சுக்கு ஆர் பதில் சொல்லுறது?"

பிரான்சுக்குப் பதில் சொல்லக் கிறகோரியால் முடியாது. குட்டையாக வைத்தான். பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை ஏற்றினான். கக்கூசுக்குப் புதுக்குழி வெட்டினான். பத்தியையும் வேய்ந்துவிட்டால் மருந்துப்பெட்டி நனையாது என்றாள் அவள். வேய்ந்தான். முதுகு முறிந்தாலும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. தருமபுரம் இனி வெகுதூரம்.

சொன்ன நாளில் வெள்ளை வாகனம் கொடி பறக்க வந்து நின்றது. டாக்குத்தர் கிளேர் குதித்து இறங்கினாள். தோய்த்த சேட்டோடு நின்ற கிறகோரி வாயெல்லாம் பல்லாக முன்னே போனான். மற்றப் பக்கக் கதவும் திறந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க இறங்கினார் சகலன் மனுவேற்பிள்ளை. பின்னால் றஞ்சனி, மூன்று பிள்ளைகள், தலையணைகள், ஒரு கோழி.

"டாக்குத்தருக்குத் தமிழ் தெரியாதெல்லே, கிறகோரி. மொழிபெயர்க்கிறது நான்தான். இரவு பகல் பக்கத்தில இருக்கவேணுமாம். அவையின்ர சட்டம்."

டாக்குத்தர் முன்னறையைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். மூன்றே மூன்று சொல் சொன்னாள். சகலன் தொண்டையைச் செருமினார்.

"டாக்குத்தர் சொல்லுறா, முன்னறை தனக்குப் பெரிசாம். பிள்ளைகுட்டிக்காரர் அதில இருக்கட்டாம். புதுசா வேய்ஞ்ச பத்தி தனக்குக் காணுமாம். வீட்டுக்காரருக்கு நல்ல பெரிய மனசாம்."

"அவா மூண்டு சொல்லுத்தானே சொன்னவா?"

"இங்கிலிஸ் அப்பிடித்தான். சுருக்கம்."

நேரடியாகவே பேசிவிடுவோம் என்று கிறகோரி டாக்குத்தரிடம் போனான். அவனிடம் இருந்த ஆங்கிலம் 'யேஸ்', 'தாங்யூ' இரண்டும்தான். இரண்டையும் சொன்னான். டாக்குத்தர் மனங்குளிர்ந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அத்தோடு முன்னறை போய்விட்டது.

குசினி அடுப்படியில் அக்காவும் தங்கையும் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தார்கள். அதைப் பார்க்க அவனுக்கும் நெஞ்சு இளகத்தான் செய்தது. ஆனாலும் ராசா ராசாதானே. றஞ்சனி கிணற்றடிக்குப் போகும்வரை பொறுத்திருந்து உள்ளே போனான்.

"இந்த வீட்டில என்னட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லையோ?"

யூலிற்றா கண்ணைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணியை ஆற்றினாள்.

"கேக்காமலோ? அத்தானை மொழிபெயர்ப்பு வேலைக்குச் சேர்க்கச் சொல்லி நான் போய்க் கேக்கேக்க, பாதர் அப்பவே கேட்டவர், டாக்குத்தரோட அவையும் இங்க வந்து இருக்க உன்ர மனுசன் சம்மதிப்பானோ எண்டு. பூசையில ஒருக்கா அறிவியுங்கோ பாதர், அவர் தன்ர யோசினை எண்டு நினைச்சுத் தானே ஓடிவருவார் எண்டு நான்தான் சொல்லிவிட்டனான்."