கூரை மாற்ற அனுமதி கேட்ட கீரி

ஒரு காட்டில், அதாவது போன தேர்தல் வரை காடாக இருந்து, பிறகு நகராட்சியோடு சேர்க்கப்பட்ட ஓரிடத்தில், பூவரசன் என்ற கீரி தன் மனைவி செங்கமலத்தோடு குடியிருந்தது. செங்கமலம் அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. வீட்டின் ஓலைக்கூரை மக்கிப்போய், தூறல் போட்டாலே உள்ளே சட்டி வைக்க வேண்டியிருந்தது. அடைமழைக்கு முன் ஓடு போட்டுவிடலாம் என்று பூவரசன் ஓடுகளை வாங்கி வாசலில் அடுக்கியது.

பூவரசன் பாம்புக்குப் பயப்படாது. சட்டத்துக்குப் பயப்படும். எனவே அனுமதி வாங்கப் போனது.

நகராட்சி அலுவலகத்தில் வரிசை தெரு வரைக்கும் நீண்டிருந்தது. நடுவில் ஒரு முள்ளம்பன்றி நின்றதால் யாரும் நெருக்கி நிற்க முடியவில்லை. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எழுத்தர் ஓணான் உட்கார்ந்திருந்தது.

"சார், கூரை மாத்தணும். மழைக்குள்ள அனுமதி கிடைச்சிடுமா?"

ஓணான் தலையாட்டியது. பூவரசன் சந்தோஷமாக வீடு திரும்பியது.

ஓணான் எதற்கும் தலையாட்டும் என்பது மறுபடி போனபோதுதான் தெரிந்தது. பழைய கூரையின் போட்டோ இல்லையென்று மனு அப்படியே கிடந்தது. போட்டோ எடுத்துக் கொடுத்தால், கூரை இருக்கிறது, வீட்டுக்காரரைக் காணோமே என்றார்கள். பூவரசன் கூரைமேல் ஏறி நின்று இன்னொரு போட்டோ எடுத்துக்கொண்டது. அதில் கூரை இன்னும் கொஞ்சம் உள்வாங்கியது.

மழை வந்தது. கூரை விழுந்தது. செங்கமலம் குட்டிகளைக் கவ்விக்கொண்டு அடுப்புமேடைக்கு அடியில் ஒதுங்கியது. விடிந்தபோது கடைக்குட்டிக்குக் காய்ச்சல்.

அன்றைக்குத்தான் ஆய்வாளர் நாரை குடையோடு வந்தது. ஒற்றைக்காலில் நின்று அண்ணாந்து பார்த்தது. வானம் தெரிந்தது.

"கூரை மாத்தத்தானே மனு போட்டீங்க? கூரை எங்கே?"

"விழுந்துடுச்சுங்க சார்."

"இல்லாத கூரையை எப்படி மாத்துவீங்க? கூரை இல்லைன்னா இது வீடே இல்லை, காலிமனை. மனு தள்ளுபடி."

நாரை போனபிறகு செங்கமலம் அடுப்புமேடைக்கு அடியில் குனிந்தது. குட்டியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது. வாசலில் இருந்த ஓடுகளைப் பார்த்தது. பிறகு பூவரசனைப் பார்த்தது. பொழுது சாய்வதற்குள் ஓடு போட்டாயிற்று. கடைசி ஓடு வைக்கும்போது பூவரசன் தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டது. அது செய்த முதல் குற்றம்.

விஷயம் கேள்விப்பட்டு நாரை திரும்பி வந்தது.

"அனுமதி இல்லாமப் போட்ட கூரை. உடனே இடிச்சாகணும்."

பூவரசன் பதறிப்போய் ஏணியை எடுக்க ஓடியது. செங்கமலம் வழிமறித்தது.

"ஏன் சார், இடிக்கிறதுக்கு அனுமதி வேண்டாமா?"

நாரை காலை மாற்றி நின்றது. "வேணும்."

"அனுமதி இல்லாம இடிச்சா?"

"குற்றம்தான்."

"அப்போ முறைப்படி மனு போட்டுடறோம் சார். ஒரு தடவை தப்புப் பண்ணிட்டோம். இன்னொரு தடவை பண்ண மாட்டோம்."

"சரி, போடுங்க" என்று சொல்லிவிட்டு நாரை கிளம்பியது. மனு அதே ஜன்னலில் கொடுக்கப்பட்டு, பரிசீலனையில் இருக்கிறது. பூவரசன் மாதாமாதம் போய் விசாரிக்கிறது. இன்னும் ஆகவில்லை என்று சொன்னதும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு வெளியே வந்து, குட்டிகளுக்கு முறுக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறது.

நீதி: கட்ட அனுமதி கேட்டுக் காத்திருப்பவர் நனைவார்; இடிக்க அனுமதி கேட்டுக் காத்திருப்பவர் நனைய மாட்டார்.