சுத்துமாத்தரின் சுழல் பூங்கா

எங்கள் ஊரில் பொய்யே சொல்லத் தெரியாத ஒரேயொரு மனுஷனுக்கு ஊர் வைத்த பெயர் சுத்துமாத்தர். சுத்துமாத்து என்றால் எங்கள் பக்கத்தில் ஏமாற்று வேலை. அந்த மனுஷன் வாழ்நாளில் ஒரு குருவியைக்கூட ஏமாற்றியதில்லை. அவர் செய்த குற்றம் வேறு. கண்ணில் பட்ட எதையும் சுற்ற வைக்காமல் விடமாட்டார். சும்மா கிடக்கும் வண்டிச் சில்லைக் கண்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தார். முன்பு கப்பல் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். ஐம்பத்தைந்து வயது, ஒட்டிய வயிறு, காதில் பென்சில், இடுப்பில் கட்டிய சாரத்தின் மடிப்பில் எப்போதும் ஒரு ஸ்பானர். போரில் மின்சாரம் நின்று இரண்டு வருஷமாகியிருந்த காலம் அது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, மண்ணெண்ணெயைத் துளித்துளியாய் ஊற்றிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு அது கஷ்ட காலம். சுத்துமாத்தருக்குப் பொற்காலம். ஊரே ஓடாமல் நின்றுபோனதால் அவர் சுற்ற வைக்க ஆயிரம் சாமான் கிடைத்தது.

முதலில் அம்மாவின் ஆட்டுக்கல்லில் கை வைத்தார். சைக்கிள் செயினைக் குழவியில் மாட்டி, "தங்கச்சி, இனி நீ கையாலை ஆட்டத் தேவையில்லை" என்று சொல்லி ஏறி ஒரு மிதி மிதித்தார். ஊறப்போட்ட உழுந்து முழுவதும் கிளம்பிப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது. அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "அண்ணை, தோசையை நாங்கள் கல்லிலை சுடுறனாங்கள். சுவரிலை இல்லை."

பிறகு ரேடியோ. சைக்கிளை நிறுத்தி வைத்து மிதித்தால் டைனமோவில் ரேடியோ பாடும். பின்னேரச் செய்திக்கு எங்கள் ஒழுங்கை, அந்தச் சின்னத் தெரு முழுவதும் அவர் முற்றத்தில் கூடும். அவர்தான் மிதிப்பார். ஆனால் ஒரு சிக்கல். நல்ல செய்தி வந்தால் உற்சாகத்தில் வேகமாக மிதிப்பார். கெட்ட செய்தி வந்தால் கால் தானாகத் தளர்ந்துவிடும், செய்தி வாசிப்பவரின் குரல் தேய்ந்து தேய்ந்து நின்றுவிடும். அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் ஒழுங்கை ஒரு கெட்ட செய்தியையும் முழுதாகக் கேட்டதில்லை.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் பூங்கா கட்டும் யோசனை வந்தது. கப்பலில் போன காலத்தில் ஏதோ ஒரு துறைமுகப் பட்டினத்தில் தூரத்தே ஒரு பெரிய ராட்டினம் சுற்றுவதைப் பார்த்தாராம். மற்றவர்கள் இறங்கிப் போக, இவருக்கு எஞ்சின் அறையில் முறை. கப்பலின் மேல்தட்டில் நின்று பார்த்ததோடு சரி.

"தம்பி, அங்கை ஆக்கள் காலமை போய்ப் பொழுதுபடத்தான் வருவினமாம். ஒருத்தற்றை முகத்திலையும் கவலை இருக்காதாம். எங்கடை பிள்ளையளுக்கு என்ன இருக்கு சொல்லு? பள்ளிக்கூடம், பங்கர், பள்ளிக்கூடம், பங்கர்."

இராணுவ ஹெலிகொப்டர் வந்தால் நாங்கள் ஓடிப் பதுங்கும் குழிதான் பங்கர். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதும் கிளாக்கர். கடைக்குச் சாமான் வராததால் எனக்கும் வேலை இல்லை. ஆகவே அவர் என்னை மனேஜராக்கினார்.

புகையிலை வெட்டி முடிந்த அவருடைய தோட்டத்தில் மூன்றே மாதத்தில் பூங்கா எழுந்தது. ஓடாத பஸ்ஸின் சீற்றுகள், உழவு மெசினின் அச்சு, தார்ப் பீப்பாத் தகடு, கைவிட்ட கொட்டிலின் வளை எல்லாம் அங்கே உருமாறி நின்றன. நடுவில் ராட்டினம். நாலு சீற், ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். மேலே போனால் இருபத்தைந்து அடி. கீழே ரயர் இல்லாத நாலு சைக்கிள் வரிசையாய் நிற்கும். நாலு பேர் மிதித்தால்தான் அது சுற்றும். வாசலில் அவரே பலகை எழுதினார்: "சுழல் பூங்கா. ஏறுபவர் முதலில் மிதிக்க வேண்டும். மிதிக்காதவர் ஏறலாகாது."

அதுதான் அங்கே அனுமதிச் சீட்டு. பத்து நிமிஷம் மிதித்தால் ஐந்து நிமிஷம் சுற்றலாம். உலகத்தில் மற்ற எல்லாப் பூங்காவிலும் ஆட்கள் களைப்பாறப் போவார்கள். எங்கள் பூங்காவுக்குப் போனவர்கள் அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை.

அப்படியிருந்தும் சனம் வந்தது! சித்திரை விடுமுறை. மானிப்பாய், சங்கானை, அளவெட்டி என்று பிள்ளைகளைச் சைக்கிள் பாரில் ஒன்று, கரியரில் இரண்டு என ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வெயிலோ தலையைப் பிளந்தது. பனைக்குக் கீழே நுங்கும் மோரும். சறுக்குப் பலகைக்கு முன்னால் நீண்ட வரிசை. அந்தச் சறுக்கு பீப்பாத் தகட்டில் செய்தது. பத்து மணிக்குமேல் தோசைக்கல் மாதிரிக் கொதிக்கும். ஆகவே சறுக்குகிறவர் கிணற்றில் ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு மேலே ஏறி, ஊற்றி, அது காயமுதல் இறங்கவேண்டும். தபால்காரர் பாதி வாளியோடு அவசரப்பட்டு இறங்கினார். பாதி வழியில் தண்ணீர் முடிந்தது. அவர் முழுதாக வந்து சேர்ந்தார், சாரம் பாதி வழியில் நின்றுவிட்டது. "ஒரு வாளி எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான்" என்று சுத்துமாத்தர் கவலைப்பட்டார். சிரிக்கவேயில்லை. அவருக்கு அது ஒரு பொறியியல் பிரச்சினை.

நான் சொல்ல வந்தது அந்த விடுமுறையின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.

அந்த நேரம் எனக்குப் பண்டத்தரிப்பில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தார்கள். தகப்பன் ஸ்டேசன் மாஸ்டர். ரயில் ஓடாமல் நின்று இரண்டு வருஷம், ஆனாலும் வெள்ளைக் காற்சட்டையும் கழுத்தில் விசிலுமாகத்தான் திரிவார் என்று கேள்வி. நான் அவரைக் கண்டதில்லை, அவரும் என்னைக் கண்டதில்லை. பெடியன் எப்படி என்று விசாரிக்க அவர் அன்றைக்கு ஒருவருக்கும் சொல்லாமல் புறப்பட்டு வந்தார். சங்கக் கடை பூட்டு. "கிளாக்கரோ? பூங்காவிலை பாருங்கோ" என்று யாரோ அனுப்பிவிட்டார்கள்.

உச்சி வெயில். நான் மேல்சட்டை இல்லாமல், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ராட்டினத்தின் முதலாவது சைக்கிளில் வேர்த்து வழிந்து மிதித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைக் காற்சட்டை ஒன்று வந்து சுத்துமாத்தருக்கு முன்னால் நின்றது. கழுத்தில் விசில். ஆள் யாரென்று விளங்கிவிட்டது.

"இஞ்சை சங்கக் கடையிலை வேலை செய்யிற பெடியன் ஒராள்... எப்பிடி ஆள்?"

அண்ணை, இன்றைக்கு ஒருநாள் மட்டும் பொய் சொல்லுங்கோ என்று மனதுக்குள் மன்றாடினேன்.

"நல்ல பெடியன்" என்றார் சுத்துமாத்தர். நான் மூச்சு விட்டேன். அவர் நிறுத்தவில்லை. "குடி, சிகரெட் ஒண்டும் இல்லை. கணக்குச் சுத்தம். ஆனால் பயந்தாங்கொள்ளி. ஹெலிச் சத்தம் கேட்டால் ஆளைப் பிடிக்கேலாது. மற்றது, மிதிக்கேக்கை இடது கால் கொஞ்சம் சோம்பல்."

"அப்பிடியோ? ஆளை எங்கை பாக்கலாம்?"

"உவன்தான்."

ஸ்டேசன் மாஸ்டர் திரும்பி என்னை அடி முதல் முடி வரை பார்த்தார். நான் கைகூப்பினேன். கையை விட்டதில் சைக்கிள் ஆடி, நான் ஒரு பக்கம் சரிந்து, பிறகு ஒருமாதிரி நிமிர்ந்தேன். அவர் வந்ததற்கு ராட்டினத்தையும் பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைத்தாரோ என்னவோ, ஏற ஆயத்தமானார்.

"சேர், பலகையை வாசிக்கேல்லையோ? முதல் மிதிக்கவேணும்."

"நான் அரசாங்க உத்தியோகத்தன். நான் மிதிக்கிறதோ?"

சுத்துமாத்தர் யோசித்தார். "அப்ப உங்களுக்குப் பதிலாய் ஆரும் மிதிக்கலாம். உந்தப் பெடியன் உங்கடை பங்கையும் மிதிப்பான்."

அப்படியாக, என் வருங்கால மாமனாரைத் தனி ஒரு சீற்றில் ஏற்றி நான் ஆகாயத்துக்கு அனுப்பினேன். நல்ல பெயர் வாங்கும் ஆசையில் இடது காலுக்கும் வலது காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் மிதித்தேன். மற்ற மூன்று பேரும் என் வேகத்தில் இழுபட்டார்கள். மூன்றாவது சுற்றில் மேலேயிருந்து கிறீச்சென்று விசில் கேட்டது. மனுஷனுக்குத் தலை சுற்றியிருக்கிறது, பழக்கத்தில் விசிலை ஊதிவிட்டார். விசில் கேட்டால் நிற்கவேண்டும் என்று யார்தான் படிக்கவில்லை? நாலு பேரும் ஒரே நேரத்தில் மிதிப்பதை நிறுத்தினோம். சுத்துமாத்தரும் ராட்டினம் சுழலாமல் கட்டையைப் போட்டுப் பூட்டினார். ஸ்டேசன் மாஸ்டர் சரியாக உச்சியில் நின்றார்.

அந்த நேரம் பார்த்து மேற்குப் பக்கம் டபடபவென்று சத்தம்.

"ஹெலி!"

தோட்டம் ஒரு நிமிஷத்தில் வெறுமையானது. பனையடியில் இரண்டு பெரிய பங்கர். பெண்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். ராட்டினத்தில் தாழ இருந்த ஆறு பேரும் குதித்து இறங்கி ஓடினார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவர்கள் எல்லாருக்கும் முந்திப் பங்கருக்குள் இருந்தது நான். உள்ளே போய் மூச்சு வாங்கிய பிறகுதான், யாரை எங்கே விட்டுவிட்டு வந்தேன் என்பது நினைவுக்கு வந்தது. வெளியே எட்டிப் பார்த்தேன்.

சுத்துமாத்தர் ராட்டினத்தடியில் தனியாக நின்றார். கட்டையைக் கழற்றித் தள்ளிப் பார்த்தார். நாலு பேர் சுற்றுவதை ஒரு ஆள் சுற்ற முடியுமா? அசையவில்லை. கட்டையைத் திரும்பப் போட்டுப் பூட்டினார். ஸ்பானரை இறுக்கிச் செருகினார். கண்ணை மூடிக்கொண்டு ஏறத் தொடங்கினார்.

கண்ணை மூடியது ஏனென்று எனக்கு மட்டும் தெரியும். உலகத்தையே சுற்ற வைத்த மனுஷனுக்கு உயரம் என்றால் தலை சுற்றும். தன் ராட்டினத்தில் அவர் ஒருநாளும் ஏறியதில்லை.

தடவித் தடவிப் போய் ஸ்டேசன் மாஸ்டருக்குப் பக்கத்தில் அமர்ந்தார். மேலே நடந்த கதையைப் பிறகு மாமனார்தான் சொன்னார்.

"ஏனப்பா நீர் ஏறினீர்? ஓடியிருக்கலாமே?"

"தனிய இருக்கப் பயமாயிருக்கும் எண்டு வந்தனான் சேர்."

"இப்ப ரெண்டு பேரெல்லோ பயப்பிடுறம்."

"ஓம். ஆனால் தனிய இல்லை."

ஹெலி இரண்டு வட்டம் போட்டது. நான் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். பொட்டல் தோட்டத்தின் நடுவில், இருபத்தைந்து அடி உயரத்தில், பஸ் சீற்றில் கைகோத்துக்கொண்டு இரண்டு வயசாளிகள் இருப்பதைக் கண்டு மேலேயிருந்தவன் என்ன நினைத்தானோ தெரியாது. சுடவில்லை. திரும்பிப் போய்விட்டான்.

நாங்கள் ஓடி வந்து மிதித்து இறக்கினோம். சுத்துமாத்தர் நேரே பனை மறைவுக்குப் போய் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து கேட்ட முதல் கேள்வி: "சேர், மேலை ஆட்டம் கூடவோ? அச்சுக்குக் கிறீஸ் காணாது போலை."

ஸ்டேசன் மாஸ்டர் அவர் தோளில் கையை வைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். நான் நிலத்தைப் பார்த்தேன். சம்பந்தம் முடிந்தது என்று தெரிந்துவிட்டது.

"தம்பி, நீர் பங்கருக்கு எத்தினையாவதாய்ப் போனனீர்?"

"முதலாவதாய்" என்றேன். சுத்துமாத்தர் பக்கத்தில் நிற்கும்போது பொய் வராது.

"நான் மேலை இருந்து பாத்தனான். உம்மைப்போலை ஓடின ஆளை நான் காணேல்லை. என்ரை பிள்ளையைக் கட்டினால் அவளையும் இழுத்துக்கொண்டு ஓடுவீரோ?"

"ஓம் ஐயா."

"அப்ப சரி. இந்தக் காலத்திலை எனக்கு வீரன் தேவையில்லை. உயிரோடை இருக்கிற மருமகன்தான் தேவை."

அன்று பொழுதுபட முதல் சுத்துமாத்தர் ராட்டினத்தைக் கழற்றத் தொடங்கினார். மூன்று மாத உழைப்பு. நான் தடுத்துப் பார்த்தேன்.

"விசரோ அண்ணை? சனம் இதுக்குத்தானே வருது."

"தம்பி, ஹெலி வந்தால் ஓடி ஒளிக்கேலாத உயரத்திலை ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் வைக்க நான் ஆர்? இண்டைக்குக் கிழவன் ஒராள். நாளைக்கு ஆரோ?"

ஸ்பானரால் ஒவ்வொரு நட்டாகக் கழற்றினார். நான் பிடித்துக்கொடுத்தேன். மறுநாள் வந்த பிள்ளைகள் சறுக்கில் மட்டும் விளையாடிவிட்டுப் போனார்கள்.

வைகாசி முதல் கிழமை, பண்டத்தரிப்பில் பெண் வீட்டில் கலியாணம். தென்மேற்கிலிருந்து வரும் சோழகக் காற்று இன்னும் எழும்பவில்லை. பந்தலுக்குள் சனம் அவிந்துகொண்டிருந்தது. பட்டு வேட்டியும் தலைப்பாகையுமாக மணவறையில் இருந்த எனக்கு வேர்வை கண்ணுக்குள் வழிந்தது. திடீரென்று பின்னாலிருந்து குளுகுளுவென்று காற்று வந்தது. திரும்பிப் பார்த்தால், சேலை மறைப்புக்குப் பின்னால் தகட்டு இறகு வைத்த ஆளுயரக் காற்றாடி. அதற்குப் பின்னால் சைக்கிளில் சுத்துமாத்தர். புது வேட்டி, சந்தனப் பொட்டு, தலையிலிருந்து வடியும் வேர்வை.

ஓமப்புகை முழுவதும் ஐயரின் முகத்துக்குப் போனது. ஐயர் மூன்றுதரம் கண்ணைக் கசக்கினார். "ஐயா, எந்தப் பக்கம் திருப்ப?" என்று மறைப்புக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. சபை சிரித்தது. பெண்ணும் சிரித்தா. அவவின் சிரிப்பை நான் முதன்முதலாய்க் கேட்டது அப்போதுதான்.

தாலி கட்டி முடிந்து, பந்தி இரண்டு எழும்பியும் காற்று நிற்கவில்லை. மனைவி என் காதோடு சொன்னா: "ஆரோ பாவம் விடியத் தொடங்கி மிதிக்கினம். போய்ச் சாப்பிடச் சொல்லுங்கோ." நான் மறைப்பை நீக்கிக் கூப்பிட்டேன்.

"நீ போய் அவவுக்குப் பக்கத்திலை இரு" என்றார், மிதித்துக்கொண்டே. "நான் இறங்கினால் காத்து நிண்டுபோம்."

எங்கள் கலியாணத்துக்குப் படம் பிடிக்க அந்த நாளில் பிலிம் கிடைக்கவில்லை. அன்றைக்கு யார் யார் வந்தார்கள் என்பதுகூட இப்போது மறந்துபோச்சு. பின்கழுத்தில் பட்டுக்கொண்டிருந்த அந்தக் காற்று மட்டும் மறக்கவில்லை.