அம்மா பிரித்துக் கொடுத்த கடல்சாமந்தி

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். கடல்சாமந்தி வாந்தி எடுத்தது உட்பட எதுவும் கூட்டிச் சொன்னதில்லை.

லிஃப்ட் மெக்கானிக் அன்று காலை கண்ணாடித் தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, உள்ளே இருந்ததைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"தம்பி மத்தியானம் வந்துருவான். அவன் கொண்டுவர்றதை அடிச்சு வெச்சுராதே. தயவு பண்ணு."

உள்ளே இருந்தது கடல்சாமந்தி. பூ மாதிரி இருக்கும், பூ அல்ல, பிராணி. இதழ் என்று நாம் நினைப்பதெல்லாம் அதன் உணர்கொம்புகள். அம்மா வளர்த்த கடல்சாமந்தி ஒரு நாள் தானாக நடுவில் பிளந்து இரண்டானது. "நான் பெத்ததும் ரெண்டு, இதுவும் ரெண்டு. ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்குங்கடா" என்றாள். கொஞ்ச நாளில் படுக்கையில் விழுந்தாள்.

அதை மெக்கானிக் தன் தம்பிக்குச் சொல்லவில்லை. வெளியூரில் புது வேலையில் இருப்பவன் பதறிப்போவான், அம்மா எப்படியும் எழுந்துவிடுவாள் என்று நினைத்தார். அம்மா எழவில்லை. தம்பி வந்து சேர்ந்தபோது முகம் பார்க்கக்கூட ஒன்றும் மிச்சமில்லை. தன் பங்கை வாளியில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னான்:

"இனிமே என்கிட்ட எதையாவது மறைச்சேன்னு தெரிஞ்சுது, எனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல."

அப்புறம் எப்போதாவது ஃபோன் செய்வான். வைப்பதற்கு முன் "அம்மா எப்படி இருக்கு?" என்பான். கடல்சாமந்தியைத்தான் கேட்கிறான். "நல்லாருக்குடா" என்பார் இவர்.

நன்றாக இல்லை. போன கோடையில் தொட்டியின் பம்பு நின்று அது செத்துப்போயிருந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் "இதோ ரெண்டே நிமிஷம்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், இதையும் மறைத்துவிட்டது. ஸ்டேஷன் பக்கத்து வண்ணமீன் கடையில் அதே சாயலில் ஒன்று வாங்கி வந்து தொட்டியில் விட்டுவிட்டார். ஊரில் கடல் பிராணி விற்பது அந்த ஒரு கடைதான்.

இப்போது தம்பி தேசத்தை விட்டே போகிறான். விமானத்தில் வாளிக்கு இடம் கிடையாது. தன்னுடையதை அண்ணனிடம் விட்டுவிட்டுப் போக வருகிறான்.

பீதியைக் கிளப்பிவிட்டவர் கடைக்காரர். அவருடைய மேசையில் பூச்சி தின்னும் செடி ஒன்று இருந்தது. இரண்டை ஒரே தொட்டியில் விடலாமா என்று கேட்டதும் அதைக் காட்டியே ஆரம்பித்தார்.

"கொம்புன்னா சும்மாவா சார்? இந்தச் செடிக்கு அது பசை தடவின விரல். கொசு ஒட்டினா ஒவ்வொண்ணா மடிச்சு அமுக்கிரும். நத்தைக்கு அதுதான் கண்ணு. ஜெல்லிமீனுக்கு சாட்டை. கடல்சாமந்திக்கு இரை பிடிக்கிறது, வாய்க்கு ஊட்டுறது எல்லாம் அதுதான். பங்காளி யாருன்னு தொட்டே சொல்லிரும். ஒரே உடம்புலேர்ந்து பிரிஞ்சதுன்னா சும்மா இருக்கும். அந்நியன்னா, அடியில வெள்ளையா ஒரு வரிசை தனியா வெச்சிருக்கு, அதை உப்ப வெச்சு சாத்தும் பாருங்க, தோலே உரியும்."

"நம்மள்ல பங்காளின்னாத்தானே சாத்துவாங்க?"

"அதுக்கு அந்த அளவுக்கு விவரம் பத்தாது சார்."

மெக்கானிக்குக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் தொட்டியின் நடுவே கண்ணாடித் தடுப்பு ஒன்றைச் செருகினார். லிஃப்ட் கதவைச் சரிசெய்கிற கை, அளவு இம்மி பிசகவில்லை. கடல்சாமந்தி பாறையை விட்டு ஊர்ந்து, தடுப்பின் விளிம்பில் ஏறி, மதில்மேல் உட்கார்ந்து பக்கத்து வீட்டு வம்பு பார்ப்பவன் போல உட்கார்ந்துகொண்டது.

வயிறு நிறைந்தால் சண்டைக்குத் தெம்பு இருக்காது என்று இறால் துண்டுகளை ஊட்டினார். கொம்புகள் மடங்கி மடங்கி வாங்கிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் மொத்தத்தையும் கக்கியது. வீடு துறைமுகமாக நாறியது.

தண்ணீரை மாற்றினார். அவசரத்தில் சில்லென்று ஊற்றிவிட்டார். கடல்சாமந்தி கொம்புகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, பிழிந்து எறிந்த காலுறை மாதிரி சுருண்டது.

"உங்கம்மாவை எத்தனை தடவைதான் சாகடிப்பீங்க?" என்றாள் மனைவி, தரையைத் துடைத்துக்கொண்டே.

"இது அம்மா இல்லைன்னு உனக்குத் தெரியும்ல?"

"எனக்குத் தெரியும். உங்க தம்பிகிட்ட சொல்லிருங்க."

"சொன்னா போயிருவான்டி."

"சொல்லாட்டியும் போகத்தானே போறார்."

"அது வேற போறது."

தம்பி வந்தான். காதோரம் நரைத்திருந்தது. வாளியை வைத்துவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தான்.

"எதுக்குண்ணா ஒண்ணா போட்டுக்கிட்டு? தனித் தொட்டி வாங்கிக் குடுத்துட்டுப் போறேனே."

"நானும் அதையேதான்டா நினைச்சேன்."

இருவரும் இத்தனை சீக்கிரம் ஒத்துப்போனது அந்த வீட்டில் அதுவே முதல் முறை. மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா கிடந்தது போதும். அதுங்களாவது சேர்ந்து இருக்கட்டும்."

தடுப்பை உருவி எடுத்தாள். வாளியை மெல்லத் தொட்டியில் சாய்த்தாள்.

சாயங்காலம் வரை அண்ணனும் தம்பியும் தொட்டி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். காலுறை மெதுவாக மலர்ந்தது. வாளியில் வந்த கடல்சாமந்தியும் மலர்ந்தது. இந்தப் பக்கத்துக் கொம்பு ஒன்று நீண்டு அந்தப் பக்கத்துக் கொம்பைத் தொட்டது. சட்டென்று சுருங்கியது. மெக்கானிக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது மறுபடி தொட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைக் கொம்பு எதுவும் எழும்பவில்லை. ஒவ்வொன்றாக எல்லாம் தொட்டன, தொட்டபடியே இருந்தன.

தம்பி அண்ணன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

"அன்னிக்கு நான் உனக்குச் சொல்லியிருக்கணும்டா."

"விடுண்ணா. நானும் வாய்க்கு வந்ததைப் பேசிட்டேன்."

உண்மையைச் சொல்லிவிட மெக்கானிக் வாயைத் திறந்தார். தம்பியும் எதற்கோ வாயைத் திறந்தான். வாசலில் விமான நிலையக் கார் ஹாரன் அடித்தது.

மறுநாள் தண்ணீரைச் சோதிக்க வந்த கடைக்காரரிடம் மெக்கானிக் எல்லாவற்றையும் கொட்டினார். "ஒண்ணு உங்க சரக்கு, ஒண்ணு எங்கம்மாவோடது. நேத்துலேர்ந்து ஒரு அடி கிடையாது. அம்மா மன்னிச்சுட்டா சார்."

கடைக்காரர் குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"ரெண்டும் என் கடையில ஒரே தாய் பிளந்த குட்டிங்கதான் சார். நேத்து ஸ்டேஷன்லேர்ந்து காலி வாளியோட ஒருத்தர் நேரா வந்தார். பழசு செத்துப் பல வருஷமாச்சு, அண்ணனுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டார்னு அழுதுக்கிட்டே வாங்கிட்டுப் போனார்."