வெளியில் எடுத்தவர்

அலுவலகம் என்று ஒன்று இருக்கிற ஊரிலெல்லாம் இந்தப் பிராணி உண்டு. நீங்கள் உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, கண் எரிய எரிய அடுப்பூதிச் சோறாக்கி இறக்கும்வரை அவர் அந்தப் பக்கமே தலைகாட்டமாட்டார், இலை போட்டதும் வந்து, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து, "என்ர சோறு எப்பிடி?" என்று பந்தியைக் கேட்பார். சோறு குழைந்துபோனதா? அப்போது அது உங்கள் சோறு.

சண்டைக்காலக் கொழும்பில் இதன் அசல் வார்ப்பைப் பார்க்க விரும்பியவர்கள் பம்பலப்பிட்டிக்கு, துறைமுகத்திலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கும் ஒரு கம்பனிக்கு வந்திருக்கலாம். மனேஜர் கனகசபாபதி. அவருக்குக் கீழே தலைமைக் கிளாக்கர் நாகேந்திரம். கடிதம் எழுதுவது இவர், கையெழுத்து அவர். யோசனை சொல்வது இவர், முதலாளிக்கு முன்னால் தொண்டையைச் செருமுவது அவர். நாகேந்திரம் பொறுத்துக்கொண்டார். இவ்வளவுக்கு நீங்களும் பொறுத்தவர்தானே?

பொறுக்க முடியாதது பொலிஸ் விஷயம். வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு நடந்தால் விடியமுன் தமிழ்ப் பெடியன்களை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அதில் கம்பனிப் பெடியன் அகப்பட்டால் வேலையிடத்துப் பெரியவர் ஒருவர் வந்து பொறுப்புச் சொல்லவேண்டும். கனகசபாபதி போவார். பொய் சொல்லக்கூடாது, போவார். போய், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காருக்குள்ளேயே இருப்பார். பொலிஸ் நிலையத்துக்குள் போகிறவர் நாகேந்திரம். தகப்பன் மாத்தறையில் போஸ்ட்மாஸ்டராக இருந்த புண்ணியத்தில் இவருக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. வியர்க்க வியர்க்க நின்று, "மாத்தயா, மாத்தயா" என்று குழைந்து, வாங்கின ஏச்சையெல்லாம் விழுங்கிக்கொண்டு பெடியனை வாசலுக்குக் கூட்டிவந்தால், கார்க்கதவு திறக்கும். கனகசபாபதி இறங்கிப் பெடியனின் தோளில் கைபோடுவார். "நான் ஒரு சொல்லுத்தான் சொன்னனான், ஸ்டேசன் பெரியவன், ஓஐசியே கதிரையை விட்டு எழும்பிட்டான்" என்ற கதை அன்று பின்னேரமே கோயிலடிக்குப் போய்விடும். பிறகு தாய்மார் யார் வீட்டுக்கு மாம்பழம் கொண்டுபோவார்கள்? கேட்கவும் வேண்டுமா?

"ஏச்சு வாங்கிறது நான், பழம் தின்னுறது அவர்" என்று நாகேந்திரம் வீட்டில் வெந்துகொண்டிருப்பார்.

"இதை ஏனப்பா எனக்குச் சொல்லுறியள்? அவருக்கெல்லோ சொல்லவேணும்" என்பார் மனைவி ஜெகதீஸ்வரி.

சொன்னாரா? எங்கே!

ஒருநாள் விடியற்புறம் நாகேந்திரத்தையே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஜெகதீஸ்வரி அழுதுகொண்டு மனேஜர் வீட்டுக்கு ஓடினார். கனகசபாபதி உடனே காரை எடுத்தார். வழக்கமான இடத்தில் நிறுத்தினார். வழக்கப்படி கண்ணாடியையும் ஏற்றினார். உள்ளே யாரை அனுப்புவது? அனுப்புகிற ஆளல்லவா உள்ளே இருக்கிறார்!

உள்ளே நாகேந்திரம் தன் சிங்களத்தை அவிழ்த்துவிட்டார். அன்று இருந்த சார்ஜன்ட் ஸ்டேசனுக்குப் புதியவன், பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தான். அடையாள அட்டை யாழ்ப்பாணத்தில் பிறந்தவன் என்கிறது, வாய் மாத்தறைக்காரன் என்கிறது. "இவ்வளவு திறமாகக் கதைக்க உனக்கு யார் படிப்பித்தது, புலியா?" என்று கேட்டு, பூசா தடுப்பு முகாமுக்கு அனுப்பப்போகிறவர்களின் மர வாங்கில் இருத்திவிட்டான். அத்தனை பெடியன்களை மீட்ட சிங்களம் இப்படிக் காலை வாரிவிட்டது. தகப்பன் மாத்தறையில் போஸ்ட்மாஸ்டர் என்றார் நாகேந்திரம், நம்ப ஆளில்லை.

அப்போதுதான் லுத்பியா வந்தார். வெள்ளவத்தையில் நாகேந்திரம் குடும்பம் வாடகைக்கு இருந்த மேல்வீட்டின் சொந்தக்காரி, கீழ்வீட்டில் இருப்பவர். குடையை மடக்கிக்கொண்டு நேரே சார்ஜன்டின் மேசைக்குப் போனார். "இவர் என்ட ஊட்டுல ஈக்கிறவர். பொலிசில பேர் பதிஞ்சு தந்ததும் நான்தான். இவர அனுப்பினா என்னயும் சேத்து அனுப்புங்க" என்று சிங்களத்தில் சொன்னார். சொல்லிவிட்டு, அந்த வாங்கிலேயே நாகேந்திரத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். சார்ஜன்ட் கத்தினான், மிரட்டினான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் போயும் அவர் அசையவில்லை. கடைசியில் அலுத்துப்போய், "இரண்டு பேரும் வீட்டுக்குப் போங்கள்" என்றுவிட்டான்.

வாசலில் கார்க்கதவு திறந்தது. பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? மறுநாள் கம்பனி முழுக்க ஒரே பேச்சு, சேர் நாகேந்திரத்தை வெளியில் எடுத்துவிட்டாராம்.

தேத்தண்ணீர் வேளையில், எல்லோரும் கூடியிருக்க, நாகேந்திரம் எழுந்தார். இத்தனை வருடம் விழுங்கினதெல்லாம் ஒரேயடியாக மேலே வந்தது.

"சேர், நீங்கள் காரைவிட்டு இறங்கவேயில்லை. இறங்கினது நான் வெளியில வந்தாப் பிறகு."

ஒருவரும் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கனகசபாபதியின் முகம் கறுத்துப்போனது.

"அப்ப நீர் எப்பிடிக் காணும் வந்தனீர்?"

நல்ல கேள்வி. எல்லோரும் நாகேந்திரத்தைப் பார்த்தார்கள். நாகேந்திரம் கொலரை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"என்ர சிங்களத்தைக் கேட்டுச் சார்ஜன்ட் வாயைப் பிளந்திட்டான், சேர். பிறகென்ன, விட்டிட்டான்."

அந்தக் கதை அவருக்கு முன்னமே வெள்ளவத்தைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னேரம் படியேறப் போனவரை லுத்பியா, கொடியில் உடுப்புக் காயப்போட்டபடியே பார்த்தார்.

"ஒங்கட சிங்களத்தாலதான் வந்தாமே, தம்பி? நல்லம்."

நாகேந்திரம் நிமிராமல் மேலே போனார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் மனேஜரை நினைத்துத்தானே? சிரியுங்கள், யார் வேண்டாம் என்றது. சிரித்து முடிந்ததும், உங்களை ஒரு இக்கட்டில் காப்பாற்றிய மனிதரையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அவர் பெயரைக் கடைசியாக எப்போது, யாருக்குச் சொன்னீர்கள்?