ஊதிய நிலைப்படி உயரம்

ஓர் அலுவலகம் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ள விரும்புவதில் குற்றம் காண இயலாது. நில அளவை அலுவலகம் புதிய கட்டடத்திற்குக் குடிபெயர்ந்தபோது, அதன் வரவேற்பறையில், அலுவலகத்தை உள்ளது உள்ளபடி காட்டும் பெரிய ஓவியம் ஒன்று இடம்பெற வேண்டும் என்று இயக்குநர் ஆணையிட்டார். அக்காலத்தில் அது நாகரிகமாகியிருந்தது. கழிப்பறைக்குக் கதவில்லாத அலுவலகங்கள்கூட வரவேற்பறையில் ஓவியம் வைத்திருந்தன.

வரைபடப் பிரிவில் தற்காலிகமாகப் பணியாற்றிய ஓவியரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. படம் ஏற்கப்பட்டால் வேலை நிரந்தரம். அவர் கூடத்தின் வாயிலில் நின்று, கண்ணிற்பட்டதை வரைந்தார். மிக அருகில் காவலாளி. அவரையடுத்து, மனுக்களுடன் நிற்கும் மக்கள் வரிசையின் வால். அந்த வாலின் நுனியில், தம் வயலை அளந்து எல்லைக்கல் நடும்படி நெடுங்காலமாக நடையாய் நடக்கும் ஓவியரின் மாமனார். அப்பால் எழுத்தர்கள். கோடியில், கண்ணாடி அறைக்குள், இயக்குநர்.

இயக்குநர் கண்காணிப்பாளரோடு வந்து பார்வையிட்டார். கண்காணிப்பாளர் பழக்கதோஷத்தால் அளவு நாடாவையும் கொண்டுவந்திருந்தார்.

"வாட்ச்மேன் என் கை நீளம் இருக்கார். நான் சுண்டுவிரல் அளவுகூட இல்லையே?" என்றார் இயக்குநர்.

"நீங்க தூரத்துல இருக்கீங்க சார். தூரத்துல இருக்கறது சின்னதாத்தான் தெரியும்" என்றார் ஓவியர்.

"யாருக்குத் தூரம்? மக்களுக்கு எப்பவும் பக்கத்துலயே இருப்பேன்னு மேடையிலேயே பேசியிருக்கேன்."

கண்காணிப்பாளர் குறுக்கிட்டார். "ஏன் தம்பி, நம்ம வரைபடத்துல தூரத்து வயலைச் சின்னதா போட்டா என்ன ஆகும்?"

"கேஸ் ஆகும் சார்."

"வயலுக்கு ஒரு நியாயம், டைரக்டருக்கு ஒரு நியாயமா?"

எனவே, நில வரைபடத்தைப் போலவே, அனைவரையும் ஒரே அளவுகோலின்படி ஓவியர் திருத்தி வரைந்தார். இப்போது இயக்குநர் காவலாளியின் தோளுக்குக் கீழே நின்றார். அளவில் பிழை நேர்ந்திருக்கக்கூடும் என்று கருதிய கண்காணிப்பாளர், இயக்குநரையே நாடாவால் அளந்தார். பிழை இல்லை. நாடா முத்திரை பெற்றதாகையால் அதன்மீது நடவடிக்கை எடுக்கவும் வழியில்லை.

மறுநாள் ஆணை பிறந்தது: 'உருவங்களின் உயரம் அவரவர் ஊதிய நிலைக்கு ஏற்ப அமைதல் வேண்டும்.'

ஆணைப்படி இயக்குநரின் தலை மின்விசிறியைத் தொட்டது. கட்டைவிரல் அளவிற்குச் சுருங்கிய காவலாளி, "பரவால்ல, உக்காந்திருக்கற மாதிரியாவது போட்டுடுங்க. கால் வலிக்குது" என்று மட்டும் கேட்டுக்கொண்டார். மக்கள் வரிசையில்தான் சிக்கல் எழுந்தது.

"இவங்களுக்கு ஊதிய நிலை என்ன?" என்றார் கண்காணிப்பாளர்.

"கிடையாது சார்."

"அப்ப உயரம்?"

ஓவியர் தயங்கினார். "பூஜ்யம் வருது சார்."

"கணக்குல கெட்டிக்காரர்யா நீங்க! அப்படியே போட்டுடுங்க."

அன்று மாலை ஓவியரின் மனைவி கேட்டாள்: "ஏங்க, எங்கப்பாவையுமா அழிச்சிட்டீங்க?"

"வேலை நிரந்தரமாக வேண்டாமா? ஆர்டர் கைக்கு வரட்டும். மாமா வயலை நானே முன்னால நின்னு அளக்க வைக்கறேன்."

"படத்துலயே அவர நிக்க விடல. வயல்ல நிக்க வெச்சிடுவீங்களாக்கும்!"

தலைமையகத்திலிருந்து ஆய்வுக் குழு வந்தது. கூடத்தில் நெரிசலாக இருந்தபடியால், குழுவினர் வரவேற்பறையிலேயே அமர்ந்து ஓவியத்தை ஆய்வு செய்தனர். மனுதாரர் ஒருவர்கூடக் காணப்படாமையால், குறைகள் அனைத்தும் தீர்க்கப்பட்டுவிட்டன என முடிவு செய்து பாராட்டு வழங்கினர். நிலுவையிலிருந்த மனுக்கள் யாவும் தீர்ந்தனவாகப் பதிவேட்டில் முடிக்கப்பட்டன. ஓவியரின் வேலையும் நிரந்தரமாயிற்று.

அவர் முதல் வேலையாக மாமனாரின் வயலைப் பற்றிக் கேட்டார்.

"தீர்ந்துபோன மனுவுக்கு மறுபடி எப்படிப்பா அளக்கறது?" என்று கண்காணிப்பாளர் வருந்தினார்.

மக்கள் கொதித்தெழுந்து வந்தனர். ஆனால் வரவேற்பறையைத் தாண்டவில்லை. பாராட்டுப் பெற்ற ஓவியத்தின்முன் நின்று கைபேசியில் தம்மைத் தாமே படமெடுத்துக்கொள்வது அதற்குள் ஊரின் புது மோகமாகியிருந்தது. மனுவை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவரும் சிரித்தனர். பின்னால் நின்ற கூட்டம் அழகைக் கெடுத்ததால், அதைத் திரையிலேயே விரலால் தேய்த்து நீக்கினர். அன்று அங்கே எடுக்கப்பட்ட எந்தப் படத்திலும் கூட்டம் இல்லை.

மாமனாரும் குடும்பத்தோடு வந்து படமெடுத்துக்கொண்டார். வீடு திரும்பியதும் கைபேசியை ஓவியரிடம் பெருமையுடன் நீட்டினார்.

"எப்படி வந்திருக்கு பாருங்க மாப்பிள்ளை! சொந்தக்காரங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன்."

ஓவியர் பார்த்தார். மாமனார் இருந்தார், மனைவி இருந்தாள், இருவருக்கும் மேலே இயக்குநர் இருந்தார்.

"மாமா, நான் உங்க பக்கத்துலதானே நின்னேன்?"

"நின்னீங்க மாப்பிள்ளை, இல்லேங்கல. உங்க தோளு டைரக்டர் ஐயாவ மறைச்சுது."